கடைசியாகப் பூசிய மருந்து

அன்புள்ள அண்ணா,

சிறுவயதிலிருந்தே கரப்பான் என்ற தோல் நோயோடு (எக்ஸிமா) இருப்பதாக முன்பொரு கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். என் மகனுக்கு ஏழு வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்பக்கத்திலும் எக்ஸிமா. இரவில் சொறிந்து சொறிந்து படுக்கை விரிப்பில் இரத்தம். டொக்டர் தந்த கிறீமைப் பூசினால் மூன்று நாளில் அடங்குகிறது. அது ஸ்டீரொய்ட், தோல் மெலிந்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துவதால் உடனே நிறுத்திவிடுகிறேன். பத்து நாளில் திரும்ப வருகிறது. மாமி கத்தரிக்காய், இறால், தக்காளி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தேங்காய் எண்ணெய் பூசச் சொல்கிறார். லண்டனிலிருந்து அக்கா ஒலிவ் எண்ணெய் அனுப்பினார். போன வாரம் வகுப்பில் ஒரு பிள்ளையின் தாய் இது தொற்றுமா என்று கேட்க, மகனை வேறு மேசைக்கு மாற்றிவிட்டார்கள். உங்களுக்கு எது கேட்டது?

எஸ்., வெள்ளவத்தை

அன்புள்ள எஸ்.,

எது கேட்டது என்று எங்கள் வீட்டில் விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வரும். அருகம்புல் எண்ணெய் என்பார் அம்மம்மா. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் பதின்மூன்று செவ்வாய் போனதுதான் என்பார் அம்மா (நாங்கள் சைவக்காரர்; கொட்டாஞ்சேனையில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்). நண்டை நிறுத்தியது என்பார் சித்தப்பா. மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. கரப்பான் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். உச்சத்தில் நிற்கும்போதுதான் நாம் புது மருந்து தேடி ஓடுகிறோம். அதற்குப் பிறகு எப்படியும் கொஞ்சம் இறங்கத்தான் போகிறது. அந்த நேரம் கடைசியாக எதைப் பூசினோமோ அதற்குப் பெயர் போய்விடும். இந்த ஒன்றை விளங்கிக்கொள்ள எனக்கு முப்பது வருடம் பிடித்தது.

நடுவில் செய்த முட்டாள்தனத்தையும் சொல்கிறேன். 24 வயதில் ஒருவரிடம் பெயர் ஒட்டாத டப்பா ஒன்று வாங்கினேன். முழுக்க மூலிகை என்றார். மூன்றே நாளில் கழுத்து பளிங்கு மாதிரி ஆனது. ஆறு மாதம் பூசினேன், முகத்திலும். பிறகு அந்த மனிதர் ஊரை விட்டுப் போய்விட்டார், டப்பாவும் தீர்ந்தது. இரண்டு வாரத்தில் முகம் வெந்தது போலச் சிவந்து வீங்கிவிட்டது. கிளினிக் டொக்டர் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மூன்று நாளில் கேட்டதா? அப்ப உள்ளுக்கு ஸ்டீரொய்ட்தான் இருந்திருக்கும்" என்றார். பாமசியில் வாங்கப் பயந்த அதே சாமானை, அளவு தெரியாமல், மூலிகை என்று நம்பி அப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே ஸ்டீரொய்ட் பயம் எனக்குப் புரியும். அது வெறும் கட்டுக்கதையுமில்லை. ஆனால் ஸ்டீரொய்ட் என்று ஒன்றே ஒன்று இல்லை. ஹைட்ரோகோர்ட்டிசோன் 1 வீதம் மெல்லியது, குளோபெட்டசோல் மிகக் கடுமையானது. கடுமையானதை முகத்திலோ மடிப்பிலோ மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். டொக்டர் எழுதிய வீரியத்தை எழுதிய நாட்களுக்குப் பூசினால் அப்படி ஆவது அரிது. நீங்கள் சிவப்புக் குறைந்தவுடன் நிறுத்துகிறீர்கள். கண்ணால் பார்க்காமல் விரலால் தடவிப் பாருங்கள். தடிப்பும் சொரசொரப்பும் இருக்கும்வரை உள்ளே நெருப்பு அணையவில்லை. அளவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: பெரியவர் ஒருவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்து உங்கள் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும். இப்படி முழுதாகப் பூசியும் திரும்பத் திரும்ப வந்தால் டொக்டரிடம் போய்க் கேளுங்கள். தோல் தெளிந்த பிறகும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பூசும் முறை இருக்கிறது. டக்ரோலிமஸ் என்று ஸ்டீரொய்ட் இல்லாத ஒயின்ட்மென்ட்டும் இருக்கிறது. 1984-ல் ஜப்பானிய மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியில் கண்டெடுத்த மருந்து அது; முதலில் உதவியது சிறுநீரகமும் ஈரலும் மாற்றிக்கொண்டவர்களுக்கு.

காசு செலவழித்து வெளியில் காட்ட வேண்டும் என்பதில்லை. கொழும்புத் தேசிய வைத்தியசாலையின் தோல் கிளினிக் இலவசம். விடியவே போய் நம்பர் எடுத்துக் காத்திருக்க மட்டும் மனம் வேண்டும்.

சரி, உங்கள் கடிதத்தில் ஒரு சாமான் இல்லவே இல்லை: பசை, அதாவது தோலின் ஈரத்தைக் காக்கும் பூச்சு. மகனின் தோல், சாந்து உதிர்ந்த செங்கல் சுவர் மாதிரி. உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியிலிருக்கும் தூசியும் கிருமியும் உள்ளே வரும். ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்தின் மரபணு பழுதாக இருந்தால் கரப்பான் வரும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். கிறீம் நெருப்பை அணைக்கும், சுவரைப் பூச வேறு ஆள் வேண்டும். பாமசியில் எமல்சிஃபையிங் ஒயின்ட்மென்ட் என்று கேளுங்கள். வெள்ளையாக, மெழுகு மாதிரி, வாசனை இல்லாமல், விளம்பரத்துக்கே லாயக்கில்லாத சாமான். எனக்கு எது கேட்டது என்றால் இதுதான், அதுவும் அள்ளி அள்ளிப் பூசத் தொடங்கிய பிறகு. உடம்பு முழுக்கப் பூசும்போது பிள்ளைக்கே வாரத்துக்கு 250 கிராம் அளவில் முடியும் என்பது வைத்தியர்கள் கணக்கு. நம் வீடுகளில் 30 கிராம் டியூபை மூன்று மாதம் வைத்திருந்து, கேட்கவில்லை என்கிறோம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஐந்து பத்து நிமிடக் குளிப்பு, துவாயால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் காய முன்னமே பூச்சு. சவர்க்காரத்துக்குப் பதிலும் இதையே நீரில் குழைத்துப் பாவிக்கலாம். நம் தோல் இலேசான புளிப்புத் தன்மை உள்ளது, சவர்க்காரமோ காரம். "கிருமி கொல்லும்" சவர்க்காரமும் வேப்பிலைச் சவர்க்காரமும் அந்த வரிசைதான்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பசை ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். வெள்ளிக்கிழமை விளக்குப் பக்கமும் தீபாவளி மத்தாப்புப் பக்கமும் பிள்ளையைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை வேர்வை வேறு கதை. காலி வீதியில் பஸ்ஸில் நெரிந்து வந்து இறங்கும்போது கழுத்தில் எடுக்கும் கடியை நான் இன்றைக்கும் சொறியாமல் வீடு சேர்ந்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெறும் தண்ணீரில் வேர்வையைக் கழுவிவிட்டுத் திரும்பப் பூசுங்கள். பருத்திச் சட்டை, ஃபேன். கடலில் இறங்க ஆசைப்பட்டால் இறங்கட்டும். வெடிப்பு இருந்தால் உப்பு எரிக்கும், வந்தவுடன் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி ஒரு பூச்சு.

மாமி விஷயம். கத்தரிக்காயில் ஹிஸ்டமின் கொஞ்சம் இருக்கிறது, சிலருக்கு வாய் கடிக்கும். தோலில் கடி கிளப்பும் கிரந்திச் சாப்பாடு என்று முன்னோர் சொன்னதை முற்றாகத் தள்ள நான் ஆளில்லை. ஆனால் சாப்பிட்டுச் சில மணி நேரத்துக்குள் தடித்து வீங்கினாலோ வாந்தி எடுத்தாலோ ஒழிய, வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகாதீர்கள். சந்தேகம் இருந்தால் டொக்டரிடம் கேட்டு ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். எண்ணெய் விஷயத்தில் மாமிக்கே வெற்றி. பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள பெரியவர்களிடம் சுத்தத் தேங்காய் எண்ணெயையும் ஒலிவ் எண்ணெயையும் ஒப்பிட்டு 2008-ல் வெளிவந்த ஆய்வில், தோலில் குடியிருக்கும் ஸ்டஃபிலோகொக்கஸ் கிருமியைத் தேங்காய் எண்ணெய்தான் நன்றாகக் குறைத்தது. ஒலிவ் எண்ணெய் தோலின் காப்பை இன்னும் கெடுக்கக்கூடியது. அக்கா அனுப்பியதைச் சலாட்டில் ஊற்றுங்கள்.

வட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து பரவினால் அது படையாக இருக்கலாம். அதன்மேல் ஸ்டீரொய்ட் பூசினால் இன்னும் பரவும். மஞ்சள் நிறத்தில் கசிந்து பொருக்குத் தட்டினால், அல்லது காய்ச்சலோடு சின்னக் கொப்புளங்கள் கிளம்பினால், அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள்.

இனிப் பள்ளிக்கூடம். கரப்பான் தொற்றாது. கட்டிப்பிடித்தாலும், ஒரே துவாயைப் பாவித்தாலும் தொற்றாது. இதை டொக்டரிடம் இரண்டு வரியில் எழுதி வாங்கி வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்து, பழைய மேசையைக் கேளுங்கள். கெஞ்ச வேண்டாம்.

இரவில் "சொறியாதே" என்று சொல்வதை விட்டுவிடுங்கள். என் அம்மா சொன்ன ஆயிரம் தடவையும் நான் போர்வைக்குள் சொறிந்தேன். நகத்தை ஒட்ட வெட்டி, கொஞ்ச ஒயின்ட்மென்ட்டை மூடி போட்ட ஏதாவதொன்றில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, கடி எடுத்தால் அவனே எழும்பி எடுத்துப் பூசப் பழக்குங்கள். அந்தக் குளிர் கடியை அமர்த்தும். மூடியில் பெயர் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் பட்டர் என்று நினைத்து இதைப் பாணில் பூசிவிட்டார். பாதியைச் சாப்பிட்ட பிறகுதான் உப்பு இல்லையே என்று கேட்டார்.