நான்கு வயது ஆட்டிசக் குழந்தைக்கு வாரம் 40 மணி நேரம் ஏ.பி.ஏ. தெரபி அவசியமா?

நீங்கள் தாயார் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஏ.பி.ஏ. என்பது பரிசு கொடுத்துக் குழந்தையின் நடத்தையை மாற்றும் பயிற்சி. அது வாரம் 40 மணி நேரம் வேண்டும் என்று சொன்னவர்கள், "இப்போது விட்டால் பிறகு முடியாது" என்றும் சொல்லியிருப்பார்கள். எங்களையும் அப்படித்தான் பயமுறுத்தினார்கள்.

அந்த 40, அமெரிக்காவில் லோவாஸ் என்ற உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்புத் தேறினார்கள் என்று மையங்களில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பயிற்சியில் தொடையில் அடிப்பதும் இருந்தது என்பதைச் சொல்ல மாட்டார்கள். இப்போது யார் அடிக்கிறார்கள் என்று சிலர் கேட்கலாம். என் மகனையும் யாரும் அடிக்கவில்லை.

தெரபிஸ்ட் ஒரு பிஸ்கட் துண்டைத் தன் கண்ணருகே பிடித்துக்கொண்டு "என்னைப் பார்" என்பார். அவன் பிஸ்கட்டைப் பார்ப்பான். கண்ணைப் பார்த்துவிட்டான் என்று நோட்டில் குறித்துக்கொள்வார்கள். சந்தோஷம் வந்தால் கைகளை உதறுவது அவன் வழக்கம். உடனே "கை கீழே" என்று மேசையோடு சேர்த்து அழுத்துவார்கள். ஒருநாள் ஆட்டோவில் ரயில்வே கேட்டில் காத்திருந்தோம். ரயில் என்றால் அவனுக்கு உயிர். சத்தம் கேட்டதும் கைகள் எழும்பின. பிறகு அவனே "கை கீழே, கை கீழே" என்று சொல்லிக்கொண்டு இரண்டையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான். ரயில் போய் முடியும்வரை நிமிரவே இல்லை. அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டேன்.

ஏ.பி.ஏ.யால் பலன் கண்ட பெற்றோர் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். நான் தெரபிக்கு எதிரி அல்ல. ஸ்பீச் தெரபிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் இன்றும் அழைத்துப் போகிறேன். பல் தேய்க்கவும் சாலையில் கைபிடித்து நடக்கவும் சொல்லிக்கொடுக்கட்டும். யாருக்கும் தொந்தரவு தராத கை உதறலை ஏன் நிறுத்த வேண்டும்? சிறுவயதில் இதே பயிற்சிக்குப் போய்வந்த ஆட்டிசக்காரர்கள் பலர், பெரியவர்களானபின் இதைத்தான் கேட்கிறார்கள்.

சேர்க்குமுன் தெரபிஸ்டின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். அறைக்குள் உட்கார்ந்து பார்க்க விடுவார்களா, குழந்தை 'வேண்டாம்' என்றால் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். எங்களைக் கண்ணாடிக்கு வெளியேதான் நிற்கவைத்தார்கள்.

இன்னொன்றும் மனத்தில் கிடக்கிறது. எந்த மையத்துக்குப் போனாலும் "அம்மா வேலைக்குப் போகிறீர்களா?" என்பதுதான் முதல் கேள்வி. என் கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவரை ஒருவரும் கேட்டதில்லை. கடைசியில் வேலையை விட்டது நான்தான். உங்களிடமும் கேட்பார்கள். வீட்டில் இருவருமாகப் பேசி முடிவெடுக்காமல் ராஜினாமாக் கடிதம் எழுதிவிடாதீர்கள்.