மாதக் கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை!

கேள்வி: ஐயா, எங்கள் மாநில இதய மருத்துவர் சங்கத்தின் மாவட்டக் கிளையைப் பார்த்துக்கொள்கிறேன். ஆண்டு மாநாட்டுக்கு வருகிறவர்கள் மாதக் கூட்டத்துக்கு வருவதில்லை. சுகாதாரக் கொள்கை என்றால் 'அது அரசு வேலை' என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- இளம் மருத்துவர், திண்டுக்கல்

பதில்: தம்பி, நானும் அப்படி ஒரு கிளையை நடத்தியவன்தான். ராத்திரி எட்டு மணிக்கு ஓட்டல் அறை, புது ஸ்டென்ட் (ரத்தக்குழாய் அடைப்பில் வைக்கும் சிறு வலைக்குழாய்) பற்றி ஸ்லைடு, அப்புறம் சாப்பாடு. களைத்து வருகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது?

ஒருமுறை ஆளுக்கு ஒரு மாரடைப்பு நோயாளியின் கதையைக் கொண்டுவரச் சொன்னேன். வலி எப்போது தொடங்கியது, எப்போது ஈசிஜி எடுத்தார்கள், எங்கே நேரம் போனது? பதினொரு மணி வரை யாரும் எழுந்திருக்கவில்லை. நேரம் போன இடம் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வரும் வழியில்தான் என்று அன்று எல்லோருக்கும் புரிந்தது. கொள்கை அங்கேதான் தொடங்குகிறது.

அது அரசு வேலை மட்டுமல்ல. தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்து, இதய மருத்துவர்களே முன்னின்று ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2,420 மாரடைப்பு நோயாளிகள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் இணைப்புக்கு முன் 17.6 சதவீதம், பின் 14.2 சதவீதம். 2017-இல் வெளியானது. 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் தர ஏற்பாடானது.

அடுத்த கூட்டத்துக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரையும் 108 ஊழியரையும் கூப்பிடுங்கள். முதலில் அவர்கள் பேசட்டும். ஞாயிறு காலையில் வையுங்கள், ஒன்றரை மணி நேரம் போதும். முடிவில் ஒரே ஒரு கோரிக்கையை எழுதி, வந்த அத்தனை பேரும் கையெழுத்திட்டு, சுகாதார இணை இயக்குநரிடம் நேரில் கொடுங்கள்.