வாசகர் கேள்வி: கோலாலம்பூரில் இறங்கி, ரயிலில் பாங்காக் வரை தனியாக

கேள்வி: எனக்கு வயது 58, ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள். விமானத்தில் கோலாலம்பூர் போய் இறங்கி, அங்கிருந்து ரயிலிலேயே பாங்காக் சென்று, அங்கிருந்து விமானத்தில் திரும்ப விரும்புகிறேன். வெளிநாட்டுக்குத் தனியாகப் போவது இதுவே முதல் முறை. விமானம் பிற்பகல் இரண்டு மணிக்கு இறங்குகிறது. அன்றே வடக்கே போகும் ரயிலைப் பிடித்துவிட்டால் ஓர் இரவு விடுதிச் செலவு மிச்சம் என்கிறான் என் மகன். என் சின்னம்மாவோ, மலேசியாவின் வடக்கே உள்ள பட்டர்வொர்த்துக்குப் போனால் போதும், அங்கிருந்து நேராக பாங்காக் ரயில் கிடைக்கும் என்கிறார். எல்லையில் தனியாக நின்று என்ன செய்வேன் என்ற பயம் எனக்கு. வழி சொல்வீர்களா?
- ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகன் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இறங்கிய அன்றே ரயில் ஏற வேண்டாம். விமானம் தாமதமாகலாம், குடிநுழைவு வரிசை நீளலாம், பெட்டி வந்து சேர நேரமாகலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று நடந்தாலும் பயணச்சீட்டு வீணாகும், அதைவிட முக்கியமாக உங்கள் மனத்தெம்பும் முதல் நாளே குறைந்துவிடும். தனியாகப் போகிறவருக்கு முதல் இரவு ஓய்வுக்குரியது. விமான நிலையத்திலிருந்து விரைவு ரயில், முதல் முனையத்தில் ஏறினால் 28 நிமிடங்களிலும் இரண்டாம் முனையத்தில் ஏறினால் 33 நிமிடங்களிலும் கோலாலம்பூரின் முதன்மை ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் கொண்டுபோய் விடும். மறுநாள் நீங்கள் வடக்கே புறப்படப் போவதும் அதே நிலையத்திலிருந்துதான். நடந்து போகும் தொலைவிலேயே பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி இருக்கிறது. அங்கே தெருவில் தமிழ் காதில் விழும். மலேசியப் பணமான ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்று சொல்லிக் கணக்குக் கேட்பார்கள். முதல் நாள் மாலை, தெரியாத ஊரில் வழி கேட்கத் தாய்மொழி கைகொடுப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

சின்னம்மா சொல்வது அவர் பயணம் செய்த காலத்துக்குச் சரி. பட்டர்வொர்த்திலிருந்து பாங்காக் வரை சென்ற அந்த ரயில் 2016ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. இப்போது தாய்லாந்து ரயில் எல்லை நிலையமான பாடாங் பெசாரிலிருந்துதான் புறப்படுகிறது. ஆகவே உங்கள் வழி இரண்டு துண்டு. கே.எல். சென்ட்ரலிலிருந்து பாடாங் பெசாருக்கு இ.டி.எஸ். என்னும் மின்சார ரயில் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் போகும். அதில் காலை ரயிலைத் தேர்ந்தெடுங்கள். பாடாங் பெசாரிலிருந்து மாலையில் புறப்படும் தாய்லாந்துப் படுக்கை ரயில் மறுநாள் காலை பாங்காக் சேரும். இரண்டுக்கும் தனித்தனியாகவே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். இடையில் மூன்று நான்கு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தால் அதை இழப்பாக நினைக்காதீர்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். பாடாங் பெசார் நிலையம் மலேசிய மண்ணில் இருந்தாலும் இரு நாட்டுக் குடிநுழைவு அலுவலகங்களும் அதற்குள்ளேயே இருக்கின்றன. முதலில் மலேசிய அதிகாரி நீங்கள் வெளியேறுவதற்கான முத்திரையை இடுவார். அடுத்துத் தாய்லாந்து அதிகாரி உள்ளே வருவதற்கான முத்திரையை இடுவார். பெட்டியை இழுத்துக்கொண்டு நீங்கள் நடக்க வேண்டிய தூரம் சில அடிகள்தான். இரண்டு முத்திரைகளும் விழுந்திருக்கின்றனவா என்று கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்த பிறகே நடைமேடைக்குப் போங்கள். நான் முதன்முறை அங்கே நின்றபோது எனக்கு முன்னால் இருந்த ஒரு முதிய பெண்மணி, கடவுச்சீட்டின் பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோய், முத்திரையில் இருந்த தேதியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துவிட்டுத்தான் நகர்ந்தார். அன்றிலிருந்து நானும் அப்படியே செய்கிறேன்.

நேரத்தில் மட்டும் கவனம் வேண்டும். தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது; தாய்லாந்துப் பயணச்சீட்டில் ஐந்து மணி என்று இருந்தால் மலேசியக் கடிகாரத்தில் அது ஆறு. வடக்கே போகிற உங்களுக்கு இதனால் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். தெற்கே வருகிறவர்களுக்குத்தான் ஒரு மணி நேரம் கையைவிட்டுப் போகும், இணைப்பு ரயிலைத் தவறவிடுவதும் அவர்கள்தான்.

தாள் வேலைகளைப் புறப்படும் முன்பே முடித்துவிடுங்கள். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் தனித்தனியே மின்னணு வருகை அட்டை உண்டு. அந்தந்த நாட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். தாய்லாந்து இதை 2025 மே 1 முதல் தரைவழியாக வருகிறவர்களுக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் அவற்றைத் தூதரகத் தளத்தில் மட்டுமே பாருங்கள். விமான நிலையத்தில் ஏறும்போதே, மலேசியாவிலிருந்து எப்படி வெளியேறுவீர்கள் என்று கேட்கக்கூடும். பாடாங் பெசார் ரயில் சீட்டையும் பாங்காக்கிலிருந்து திரும்பும் விமானச் சீட்டையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். ‘பாட்’ எனப்படும் தாய்லாந்துப் பணமும் கொஞ்சம் முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்.

படுக்கை ரயிலில் கீழ்ப் படுக்கையையே கேளுங்கள். விலை சற்றுக் கூடுதல். ஆனால் அகலம் அதிகம், சன்னலும் அதற்குத்தான், ஏணி ஏறும் சிரமமும் இல்லை. இருட்டத் தொடங்கியதும் பணியாளர் வந்து, எதிரெதிரே இருக்கும் இரண்டு இருக்கைகளையும் இழுத்து ஒன்றாக்கி, மெத்தை போட்டு, விரிப்பை ஓரம் மடித்துச் செருகி, திரையைத் தொங்கவிட்டுப் போவார். ஒரு படுக்கைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. குளிர்சாதனம் கடுமையாக இருக்கும், சால்வை அவசியம். தெற்கு தாய்லாந்து நகரமான ஹாட்யாயின் நிலையத்தில் நீங்கள் வந்த ரயில் பெட்டிகளை நீளமான ரயிலோடு இணைப்பார்கள். அப்போது வண்டி குலுங்கினால் பதற வேண்டாம். பெண்களுக்கென்று தனிப் பெட்டி வேண்டுமென்றால் ஹாட்யாய்க்கும் பாங்காக்குக்கும் இடையே ஓடும் 31, 32 எண் ரயிலில் அது உண்டு. பாடாங் பெசாரிலிருந்து ஹாட்யாய்க்குச் சிறு ரயிலில் ஒரு மணி நேரம். ஒருநாள் அங்கே தங்கிப் போக நினைத்தால் இது நல்ல ஏற்பாடு. தெற்கு தாய்லாந்து பற்றிச் செய்திகளில் வரும் வன்முறை பெரும்பாலும் யாலா, நராத்திவாட், பட்டானி மாகாணங்களைச் சார்ந்தது. ஹாட்யாயிலிருந்து சுங்கை கோலோக் போகும் பாதைதான் அந்தப் பக்கம் செல்கிறது. உங்கள் பாதை அந்த மாகாணங்களைத் தொடுவதில்லை.

கடைசியாக, பாங்காக்கில் விடுதி பதிவு செய்யும்போது பழைய குறிப்புகளை நம்பி ஹுவாலம்போங் நிலையத்துக்குப் பக்கத்தில் எடுத்துவிட்டு, ரயிலும் அங்கேதான் நிற்கும் என்று இருந்துவிடாதீர்கள். 2023 ஜனவரி முதல் தெற்கிலிருந்து வரும் தொலைதூர விரைவு ரயில்கள் குருங் தேப் அபிவாட் என்னும் புதிய முனையத்தில்தான் நிற்கின்றன. அங்கிருந்து நீல நிற மெட்ரோ, வண்டி மாறாமலே ஹுவாலம்போங் வரை போகிறது.