நாலாவதிலிருந்து தொடங்கினால் குழப்பம்தான்

பழைய புத்தகக் கடையில் கிடைத்த இயான் பியர்ஸின் துப்பறியும் நாவல் 'தி லாஸ்ட் ஜட்ஜ்மென்ட்'டை அறுபது பக்கத்தில் மூடிவிட்டதாகவும், அந்தத் தொடரின் ஏழு நாவலையும் வரிசையாகப் படிக்கத்தான் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

தவறு உங்களுடையது அல்ல. அது நாலாவது நாவல். பாரீஸிலிருந்து ஓவிய வியாபாரி ஆர்கைல் ரோமுக்குக் கொண்டுவரும் சாக்ரடீஸ் ஓவியமும் அதைத் தொடரும் கொலையும் தனியாகவே புரியும். ஆனால் ஆர்கைலும், ஓவியத் திருட்டை விசாரிக்கும் இத்தாலியப் போலீஸ் படையில் இருக்கும் ஃபிளாவியாவும் அதற்குள் ஜோடியாகிவிட்டார்கள். அவர்களுடைய செல்லச் சண்டையெல்லாம் புதிதாக வருபவருக்கு ஒட்டாது. நானும் ஐந்தாவதில் நுழைந்து இப்படித்தான் முழித்தேன்.

1990இல் வந்த 'தி ரஃபேல் அஃபேர்'இல் தொடங்குங்கள். தேவாலயத்துக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும் ஆளாகத்தான் ஆர்கைல் அறிமுகமாகிறான். இரண்டும் மூன்றும் எனக்குச் சுமார்தான், அவசரமென்றால் தாண்டிவிடலாம். கடைசி நாவலை (2000) மட்டும் முன்னால் தொடாதீர்கள். ஃபிளாவியாவின் படைத் தலைவர் பொத்தாந்தோ என்ற அந்தக் கிழட்டு அதிகாரியைப் பல நாவல்களாகப் பழகியிருந்தால்தான் அதன் முடிவு உறைக்கும்.

அப்புறம், ஓவியத் திருட்டுக்கென்று தனிப் படை இருப்பது கற்பனை அல்ல. இத்தாலியின் ராணுவப் போலீஸான காராபினியேரி 1969இலேயே அப்படி ஒன்றை அமைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் பலெர்மோவில் திருடுபோன கரவாஜ்ஜோ ஓவியம் இன்னும் கிடைக்கவில்லை.