எடைத்தட்டில் வைப்பதற்கு முன்

அன்புள்ள ஐயா,

பழைய வெள்ளிச் சாமான்கள் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். என் தாத்தா சிங்கப்பூரில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பங்களாவில் சமையலுக்கு உதவியாக இருந்தவர். 1971-ல் அந்தக் குடும்பம் ஊருக்குக் கிளம்பியபோது ஒரு மரப்பெட்டியைத் தாத்தா கையில் கொடுத்துவிட்டுப் போனார்களாம். உள்ளே ஆறு பெரிய முள்கரண்டி, பதினொரு டீஸ்பூன், வெள்ளைக் கைப்பிடி போட்ட நாலு கத்தி, பரிமாறும் கரண்டி இரண்டு. அம்மா அதை வெளியே எடுத்ததே இல்லை. "வேலைக்காரன் வீட்டுக்கு வெள்ளி எப்படி வந்ததுன்னு யாராவது கேட்டா?" என்பார். அம்மா போன வருடம் தவறிவிட்டார். இப்போது ஈசூனில் சின்ன வீட்டுக்கு மாறுகிறோம். ஒரு கடையில் காட்டினேன். முள்கரண்டிகளை மட்டும் எடை போட்டு விலை சொன்னார்கள், மற்றவை வேண்டாமாம். "உருக்கத்தான் ஆகும்" என்றார் கடைக்காரர். விற்றுவிடலாமா? விற்கும் முன் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டுமா? பார்க்கப் பார்க்க எனக்கே ஒரு ஆசையும் வருகிறது, விற்காமல் இன்னும் நாலு சேர்க்கலாமா என்று. படங்கள் இணைத்திருக்கிறேன். என் பெயர் வேண்டாம்.

ஈசூன் வாசகி

அன்புள்ள சகோதரி,

முள்கரண்டிகளை அந்த விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காம்பின் பின்பக்கம் வரிசையாக ஐந்து சின்ன முத்திரைகள் இருக்கின்றன. முதலில் நடக்கிற சிங்கம். 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி என்பதற்கு லண்டனில் 1544 முதல் குத்திவரும் அடையாளம் அது. அடுத்தது சிறுத்தைத் தலை, வெள்ளியின் தரம் பார்க்கும் லண்டன் சோதனைச் சாலையின் முத்திரை. 1821 வரை அந்தச் சிறுத்தைக்குக் கிரீடம் உண்டு, உங்களுடையதற்கு இல்லை. ஆகவே அதற்குப் பிற்பட்டது. பக்கத்தில் இருப்பது விக்டோரியா ராணியின் தலை. வரி கட்டியாகிவிட்டது என்று சொல்லும் இந்த அரசர் தலை முத்திரை 1784-ல் ஆரம்பித்து 1890-ல் நின்றுபோனது. இவ்வளவிலேயே காலம் ஓரளவு பிடிபட்டுவிடுகிறது. துல்லியமாகச் சொல்வது நாலாவது முத்திரை, அதாவது எழுத்து. லண்டனில் அப்போது ஏ முதல் யூ வரை, ஜே-யை விட்டுவிட்டு, வருடத்துக்கு ஓர் எழுத்தாக 20 எழுத்து. சுற்று முடிந்தால் எழுத்தின் வடிவத்தையும் சுற்றியுள்ள கேடயத்தையும் மாற்றி மறுபடி ஏ. 1876-ல் தொடங்கிய சுற்றில் சாதாரணப் பெரிய எழுத்துகள். உங்கள் முள்கரண்டியில் இருப்பது அந்தச் சுற்றின் டி. அதாவது 1879.

ஐந்தாவது முத்திரை செய்தவருடைய பெயரெழுத்து. அது பாதி தேய்ந்திருக்கிறது, படத்தில் படிக்க முடியவில்லை. அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே எடை, ஒரே காலத்துக் கரண்டி இரண்டு இருந்தாலும் செய்த கையைப் பொறுத்து விலை எங்கேயோ போய்விடும். லண்டனில் ஹெஸ்டர் பேட்மன் என்று ஓர் அம்மையார் இருந்தார். கணவர் 1760-ல் இறந்துபோக, அடுத்த வருடமே தன் பெயரில் எச்.பி. என்ற முத்திரையைப் பதிவு செய்து, பிள்ளைகளை வைத்துக்கொண்டு 1790 வரை பட்டறையை நடத்தினார். இன்றைக்கும் அவர் முத்திரை விழுந்த ஒரு சின்ன டீஸ்பூனைச் சேகரிப்பவர்கள் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். அதை எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும்?

கடைக்காரர் உங்களை ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். அவர் வியாபாரம் உலோகம். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். இந்த மாதிரி மேசை முள்கரண்டி ஒன்று 80 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கும். ஆறு என்றால் 480 கிராம், அதை 0.925-ஆல் பெருக்கினால் 444 கிராம் சுத்த வெள்ளி. தங்கம், வெள்ளிக்கு விலை சொல்லும் ட்ராய் அவுன்ஸ் ஒன்று 31.1 கிராம், ஆகவே 14 அவுன்சுக்குக் கொஞ்சம் கூடுதல். அன்றைய சந்தை விலையால் பெருக்கிக் கொள்ளுங்கள். அதற்குக் கீழே யார் கேட்டாலும் பேச்சே இல்லை. பேரம் அங்கிருந்துதான் மேலே போகவேண்டும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இந்த உருக்குகிற சமாச்சாரம்தான். 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்சுக்கு 50 அமெரிக்க டாலரை நெருங்கியபோது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீடுவீடாக இருந்த பழைய கரண்டிகளையும் தட்டுகளையும் மூட்டையாகக் கொண்டுபோய் உலையில் போட்டார்கள். ஓரிரு மாதத்தில் விலை சரிந்தது. உருகியது உருகியதுதான். 2025 அக்டோபரில் விலை அந்த 50 டாலரையும் தாண்டிவிட்டது, மறுபடி அதே ஆசை எல்லாருக்கும். நூற்று நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே குடும்பமாக இருந்த ஆறு முள்கரண்டிகளை ஒரு பிற்பகலில் கட்டியாக்கிவிடலாம். திரும்ப அவற்றைச் செய்ய யாராலும் முடியாது.

அதுவும் முள்கரண்டி. ஸ்பூனைவிட முள்கரண்டி சீக்கிரம் தேயும், முனை மழுங்கியதை வெட்டிச் சமன் செய்வார்கள், கடைசியில் பழசுக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் நல்ல முட்களோடு ஒரே செட்டாக ஆறு கிடைப்பது பெரிய விஷயம். உங்களுடையதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். இரண்டு முள்கரண்டிகளை முதுகோடு முதுகாக வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நாலு முள்ளும் நாலு முள்ளோடு பொருந்துகிறதா, ஓரத்து முள் மட்டும் குட்டையாக இருக்கிறதா என்று தெரியும். ஒரே கையில் பிடித்து வருடக்கணக்கில் தட்டைச் சுரண்டினால் தேய்மானம் ஒரு பக்கமாகத்தான் விழும். படத்தில் பார்த்தவரை உங்கள் முட்கள் நீளமாகவே இருக்கின்றன. அப்புறம், கைப்பிடியின் அகன்ற நுனியில், பிடில் வாத்தியத்தின் உடம்பு மாதிரி இருக்கிறதே, அங்கே வாயால் ஊதி ஆவி படியவிடுங்கள். முன்பு ஏதாவது பெயரெழுத்தோ குடும்பச் சின்னமோ வெட்டியிருந்து அதைச் சுரண்டி எடுத்திருந்தால், ஆவியில் அந்த இடம் தனியாகத் தெரியும். விரலால் அழுத்தினால் அங்கே தகடு மெலிந்திருப்பதும் தெரியும். அப்படி எடுக்கப்பட்டிருந்தால் மதிப்புக் குறையும். ஒன்றும் இல்லையென்றால் நல்லது. சின்னம் அப்படியே இருந்தால் இன்னும் நல்லது.

டீஸ்பூன்கள் வெள்ளி இல்லை. பின்னால் நாலு குட்டிக் கேடயங்களில் அலங்கார எழுத்தாக இருப்பது ஈ.பி.என்.எஸ். பார்வைக்கு முத்திரை வரிசை போலவே தெரிய வேண்டும் என்றே அப்படிக் குத்தினார்கள். நிக்கல் சில்வர் மேல் மின்சாரத்தால் ஏற்றிய வெள்ளி முலாம். நிக்கல் சில்வரில் வெள்ளி துளிகூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். பர்மிங்காமில் எல்கிங்டன் கம்பெனி 1840-ல் காப்புரிமை வாங்கிய முறை அது. அதற்குப் பிறகுதான் நடுத்தர வீட்டு மேசைக்கும் இந்தப் பளபளப்பு வந்தது. இவற்றை விற்க முயலாதீர்கள், அலைச்சல்தான் மிஞ்சும். எடுத்து வைத்துக் காப்பி கலக்குங்கள். ஆனால் அந்த ரப்பர் பேண்டை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். படத்தில் ஸ்பூன்களைக் கட்டி வைத்திருக்கிறீர்கள், பட்டை அழுத்திய இடத்தில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது. ரப்பரில் உள்ள கந்தகம் முலாமைத் தின்றுகொண்டிருக்கிறது.

கத்திகளை எந்தக் கடைக்கும் எடுத்துப் போகாதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2021 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் யானைத் தந்தம், தந்தத்தால் செய்த பொருள் எதையும் விற்கவோ விற்பனைக்கு வைக்கவோ கூடாது. பழசு என்பது சாக்கு ஆகாது. வீட்டில் வைத்திருப்பதில் தவறில்லை. உங்கள் கைப்பிடிகள் தந்தம்தானா என்பது வேறு கேள்வி. கைப்பிடியின் அடிமுனையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஒன்றையொன்று வெட்டிப்போகும் நுண்கோடுகள், சாய்சதுரம் சாய்சதுரமாகத் தெரிந்தால் யானைத் தந்தம். சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் இருந்தால் எலும்பு. அளவெடுத்தது போல ஒரே சீராகக் கோடு ஓடினால் செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக். சந்தேகம் இருந்தால் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்பதுதான் சரி. தகட்டில் துருப்புள்ளி இருப்பதால் துருப்பிடிக்காத எஃகு வருவதற்கு முந்தைய கத்திகள் என்று நினைக்கிறேன். ஷெஃபீல்டில் அந்த எஃகு பிறந்தது 1913-ல். எதுவானாலும் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம், கைப்பிடி வெடித்துவிடும்.

தேய்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நம் வீடுகளில் குத்துவிளக்கையும் குங்குமச் சிமிழையும் விபூதி போட்டுத் தேய்ப்போம், சிலர் பற்பசை போடுவார்கள். தினம் புழங்குகிற பூஜைச் சாமானுக்கு அது போகட்டும். முத்திரை உள்ள பழைய வெள்ளிக்கு ஆகவே ஆகாது. ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் வெள்ளி போகிறது, முத்திரையின் விளிம்பு மழுங்குகிறது. உங்கள் ஐந்தாவது முத்திரை அப்படித்தான் மறைந்திருக்கும். முக்கி எடுத்தால் வெளுக்கும் திரவமும் வேண்டாம். வாங்கத் தெரிந்தவர்கள் பள்ளங்களில் தங்கிய அந்தக் கருமையையே விரும்புவார்கள். இளஞ்சூட்டுத் தண்ணீர், துளி சோப்பு, உடனே பருத்தித் துணியால் துடைப்பது, அவ்வளவு போதும். முட்டை, வெங்காயம், பெருங்காயம் பட்டால் கறுக்கும், எல்லாவற்றிலும் கந்தகம். நம் சாம்பாருக்கு இந்த முள்கரண்டி சரிப்படாது. பழம், கேக் சாப்பிடத் தாராளமாக எடுக்கலாம்.

எங்கே விற்பது? உள்ளூரில் பழைய சாமான் தெரிந்தவர்கள் முன்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். சுங்கை ரோட்டுச் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது, பழம்பொருள் கடைகள் இருந்த டாங்லின் ஷாப்பிங் சென்டர் 2022-ல் மொத்தமாகக் கைமாறியது. இருந்தாலும் கடைகள் இல்லாமல் போகவில்லை. இரண்டு மூன்று இடத்தில் படம் காட்டி விலை கேளுங்கள், பொருளைக் கையில் கொடுக்கும் முன். உரிமம் உள்ள கடையில் உங்கள் அடையாள அட்டையைக் கேட்பார்கள், அது வழக்கம், பயப்பட வேண்டாம். இங்கிலாந்தில் ஏலத்துக்கு அனுப்புவது இன்னொரு வழி. அங்கே பொதுவாக 7.78 கிராமுக்கு மேல் உள்ள பொருளை முத்திரை இல்லாமல் வெள்ளி என்று சொல்லி விற்கக்கூடாது. உங்களுடையதில் லண்டன் முத்திரையே இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. கமிஷன், அனுப்பும் செலவு, காப்பீடு எல்லாம் கழித்துப் பாருங்கள்; ஆறு முள்கரண்டிக்குக் கட்டுப்படி ஆகுமா என்பது செய்தவர் யார் என்று தெரிந்த பிறகுதான் சொல்ல முடியும். எப்படி விற்றாலும் ஆறையும் பிரிக்காதீர்கள்.

சேர்க்க ஆசையாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மிகவும் சந்தோஷம். சேர்ப்பதென்றால் ஒரு யோசனை. சென்னை மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள், கடிகாரக் கடை என்றுதான் பலருக்கும் ஞாபகம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவர்கள் பட்டறையில் சுவாமி வேலைப்பாடு என்று ஒன்று செய்தார்கள். தேநீர்க் குவளை, கரண்டி, தட்டு என்று வடிவமெல்லாம் வெள்ளைக்காரர் மேசைக்கு, மேலே நிற்பதெல்லாம் நம் கோயில் கோபுரத்துத் தெய்வங்கள். கைப்பிடி நுனியில் கிருஷ்ணன் நிற்கிற ஒரு டீஸ்பூனை வைத்துப் பாருங்கள், அந்த மயிற்பீலியை வெட்டியவர் நம் தட்டார். அவை பெரும்பாலும் சீமைக்குப் போய்விட்டன, அங்கே ஏலங்களில் வருகின்றன. நம்மவர்கள் தேடாததால் அவற்றைப் பற்றித் தமிழில் பேச்சே இல்லை. வரவழைத்தால் 9 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், 99.9 சுத்தமான முதலீட்டு வெள்ளிக்குத்தான் விலக்கு, கரண்டிக்குக் கிடையாது.

கடைசியாக உங்கள் அம்மா சொன்னது. அதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். 1971 அக்டோபர் முடிவதற்குள் பிரிட்டிஷ் படைகளின் பெரும்பகுதி இந்தத் தீவைவிட்டுப் போயாயிற்று. குடும்பம் குடும்பமாகக் கப்பலும் விமானமும் ஏறினார்கள். தூக்கிப்போக முடியாததை விற்றார்கள், கூட இருந்து சமைத்தவர்களுக்கும் துவைத்தவர்களுக்கும் கொடுத்தார்கள். உங்கள் தாத்தாவுக்குக் கிடைத்தது அவர் உழைப்புக்குக் கிடைத்தது. அதை மறைத்து வைக்க வேண்டிய நிலைமை உங்கள் அம்மாவுக்கு இருந்ததே, அதுதான் அநியாயம். நீங்கள் மறைக்காதீர்கள். தாத்தா பெயர், எந்த பங்களா, எந்த வருடம், யார் கொடுத்தார்கள், அம்மா என்ன சொல்வார் என்று தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டு அந்தப் பெட்டியிலேயே வையுங்கள். தாத்தா தளத்தில் வேலை பார்த்த அட்டையோ படமோ இருந்தால் அதன் நகலும். வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்விக்கு இது பதில். விற்காமல் போனால் உங்கள் பிள்ளைகளுக்கும் இதுதான் பதில்.

பரிமாறும் கரண்டிகளின் படம் மங்கலாக இருக்கிறது. ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்து, காம்பின் பின்புறத்தை மட்டும் எடுத்து அனுப்புங்கள். முத்திரைகள் காம்பின் கீழே, குழிக்குப் பக்கத்தில் இருந்தால் 1780-க்கு முந்தையதாக இருக்கவும் வாய்ப்புண்டு. முள்கரண்டியின் ஐந்தாவது முத்திரையையும் அதே மாதிரி எடுங்கள். அதுவரை எதையும் தேய்க்காமல், யாரிடமும் கொடுக்காமல் வைத்திருங்கள்.

அன்புடன்