வகுப்பறை டிவியை எங்கே நிறுத்துவது?

அன்புள்ள ஐயா,

ஒடுகத்தூர் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் டிவி வந்திருக்கிறது. பாட வீடியோ போட்டால் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் அதில் வந்த பாட்டும் பொம்மையும்தான் நினைவில் இருக்கின்றன, பாடம் இல்லை. ‘சாக்பீஸே போதும் டீச்சர், எதுக்கு இந்த வேலை?’ என்கிறார் உடன் வேலை செய்யும் ஆசிரியர் ஒருவர். பயிற்சிக்கும் போய் வந்தேன். எந்த பட்டனை அழுத்தினால் என்ன வரும் என்று சொன்னார்கள். எப்போது அழுத்துவது என்று யாரும் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் 34 பேர். இருப்பது என் சொந்த மொபைல் ஒன்று. நெட், வாசல் வேப்பமரத்தடியில்தான் ஒழுங்காக வரும். இதையெல்லாம் வைத்துக்கொண்டு உருப்படியாக என்ன செய்யலாம்? என் பெயரைப் போட வேண்டாம்.

— ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

எப்போது அழுத்துவது என்று யாரும் சொல்லவில்லை என்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த பள்ளிக்கு புரொஜெக்டர் வந்த புதிது. இதயம் பாடத்துக்கு இரண்டு ராத்திரி உட்கார்ந்து 42 ஸ்லைடு செய்துகொண்டு போனேன். மேற்குப் பார்த்த ஜன்னல், வேலூர் வெயில். திரையில் ஒன்றும் தெரியவில்லை. குடியாத்தம் லுங்கி இரண்டை ஆணியடித்துத் தொங்கவிட்டு ஒருவழியாக ஆரம்பித்தோம். ஆறாவது ஸ்லைடில் கரண்ட் போய்விட்டது. நுரையீரலில் இருந்து திரும்பிய இரத்தம் அப்போதுதான் இடது மேலறைக்கு வந்திருந்தது. இருட்டில் ஒரு பையன் கேட்டான்: “சார், இப்ப அது எங்க போவும்?” ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். வந்த வழியே திரும்பும் என்றான் ஒருவன். திரும்ப முடியாது, கதவு இருக்கும் என்றாள் ஒரு பெண். வால்வைப் பற்றி நான் அதுவரை வாயே திறக்கவில்லை. அன்றைக்குப் பாடம் நடந்தது கரண்ட் போன பிறகுதான்.

அப்புறம் கரண்ட் போகும்வரை காத்திருக்காமல் நானே நிறுத்தப் பழகிக்கொண்டேன்.

உங்களுக்கும் அதையே சொல்வேன். வீடியோவை விடை வருவதற்கு ஒரு மூச்சு முன்னால் நிறுத்துங்கள். 2018-இல் வந்த புதிய பாடநூல்களிலேயே க்யூஆர் கோடு அச்சிட்டுவிட்டார்கள். திக்‌ஷா, மணற்கேணி என்ற அரசுச் செயலிகளிலும் பாடவாரியாக வீடியோக்கள் இருக்கின்றன. வீட்டிலோ வேப்பமரத்தடியிலோ முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு ஒருமுறை தனியாகப் பாருங்கள். எந்த இடத்தில் முடிச்சு அவிழ்கிறதோ அந்த நிமிடத்தையும் வினாடியையும் புத்தக ஓரத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள். முட்டை போட்ட தண்ணீரில் உப்பைக் கரைக்கிறார்கள் என்று வையுங்கள். அங்கே நிறுத்தி, முட்டை மிதக்குமா, கிடந்த இடத்திலேயே கிடக்குமா, ஏன் என்று நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதத்தான் வேண்டும். வாயால் சொல்லவிட்டால் முதல் பெஞ்சு சொல்வதையே 34 பேரும் சொல்வார்கள். எழுதியவன் பந்தயம் கட்டியவன் மாதிரி, மிச்சத்தைச் சும்மா பார்க்க மாட்டான். ஒரு வகுப்புக்கு நான்கு நிமிட வீடியோ தாராளம்.

ஹார்வர்டில் இயற்பியல் எடுக்கும் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்திலிருந்தே ஏறக்குறைய இதைத்தான் செய்துவருகிறார். கேள்வி கேட்பார், மாணவர்கள் தனித்தனியாக விடையைத் தேர்ந்தெடுப்பார்கள், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடி தேர்ந்தெடுப்பார்கள். இப்படி விடை வாங்க பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. பிள்ளைகள் கையில் காகித அட்டை மட்டும். எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அது விடை. நீங்கள் உங்கள் போன் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். ஆனால் அதற்கு நெட் வேண்டும். உங்கள் ஊரில் ஒரு தாளை நாலாக மடித்து அ, ஆ, இ, ஈ எழுதி நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னாலே வேலை முடிந்தது. எண்ணிக்கைதான் கிடைக்காது. கிடைக்காவிட்டால் என்ன, எத்தனை பேர் குழம்பியிருக்கிறார்கள் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

அந்த டிவியில் எனக்கு மிகவும் பிடித்த உபயோகம் இன்னொன்று. போனைப் புத்தக அடுக்கின் மேல் கேமரா பக்கம் வெளியே நீட்டியிருக்கும்படி வைத்து, கேமரா கீழே உள்ள நோட்டைப் பார்க்கும்படி செய்து, போன் திரையை டிவியோடு இணைத்துவிடுங்கள். பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளில் இதற்கு நெட் தேவையில்லை. இப்போது பாடமாக ஓடுவது உங்கள் பிள்ளைகளின் கையெழுத்து. ஆறாம் வகுப்பில் ஒரு பெண் 402-இலிருந்து 178-ஐக் கழித்து 376 என்று எழுதியிருந்தாள். பெயரை மறைத்துவிட்டு டிவியில் போட்டு, “இதில் தப்பு எங்கே என்று கேட்கவில்லை. இவர் என்ன நினைத்து இப்படிப் போட்டிருப்பார்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒருவன், “பெரிசுலேர்ந்து சின்னதைக் கழிச்சுகினே போயிட்டாங்க சார்” என்றான். பாதி வகுப்பு தன் நோட்டைத் திருப்பிப் பார்த்தது. கரும்பலகையில் நானே ஒரு தப்புக் கணக்கை எழுதியிருந்தால் அது வாத்தியார் வைத்த பொறி என்று தெரிந்துபோயிருக்கும். ஒன்று மட்டும், அந்த நோட்டுப் படமோ பிள்ளைகள் முகமோ உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போக வேண்டாம்.

‘கழிச்சுகினே’ என்றதும் ஞாபகம் வருகிறது. எழுதத் திணறும் பிள்ளையிடம் போனில் தமிழ்க் குரல் தட்டச்சைத் திறந்து கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். தான் பேசியது எழுத்தாக வந்து நிற்பதைப் பார்த்தால், அதைப் படிக்கத் தானாகவே எழுத்துக் கூட்டும். நம் வட ஆற்காட்டு ‘வந்துகினு கீறான்’ போனுக்கு லேசில் பிடிபடாது. அது எதையோ எழுதிவைக்க, வகுப்பே சிரிக்கும். சிரிக்கட்டும், பேச்சு வேறு எழுத்து வேறு என்பதை நான் இலக்கணம் எடுத்துப் புரியவைத்ததைவிட அந்தச் சிரிப்பு சீக்கிரம் புரியவைத்தது.

பெற்றோர் குழுவில் பிடிஎஃப் அனுப்புவதை விட்டுவிடுங்கள். போன் அப்பாவோடு ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டு ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பும். அம்மா பீடி சுற்றிக்கொண்டே கேட்கிற மாதிரி ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்பினால் போதும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற இணையதளத்தில் மின்சுற்று, பின்னம் போன்றவற்றுக்கு விளையாட்டுப் போன்ற செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, சிலவற்றுக்குத் தமிழும் உண்டு. இறக்கிவைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே ஓடும். ஆனால் பேட்டரியும் ஒயரும் பல்பும் கையில் இருந்தால் முதலில் அதையே கொடுங்கள். நிஜ பல்பு எரியும்போது பிள்ளைகள் போடுகிற சத்தத்தைத் திரை பல்பு கொண்டுவராது. ஒயருக்குள் எலக்ட்ரான் போவதைக் காட்டத்தான் திரை வேண்டும்.

உங்கள் எட்டாம் வகுப்புக்கு ஒலியியல் பாடம் இருக்கிறது. அதற்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. ஜெர்மனியின் ஆஹன் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று ஃபைஃபாக்ஸ் என்ற செயலியை இலவசமாக விட்டிருக்கிறது. போனுக்குள் ஏற்கெனவே இருக்கும் மைக், காந்த உணரி எல்லாவற்றையும் அது அளவுகோலாக்கிவிடும். அதில் சத்தத்தால் ஓடி சத்தத்தால் நிற்கும் ஸ்டாப்வாட்ச் ஒன்று உண்டு. இரண்டு போன்களைச் சரியாக 10 மீட்டர் தள்ளி வைத்து, இரண்டிலும் அதைத் திறந்துகொள்ளுங்கள். முதல் போன் பக்கத்தில் நிற்பவர் ஒரு தட்டு கைதட்டினால் இரண்டும் ஓடத் தொடங்கும், அடுத்தது சற்றுத் தாமதமாக. பிறகு இரண்டாவது போன் பக்கத்தில் நிற்பவர் தட்டினால் இரண்டும் நிற்கும், இம்முறை முதல் போன் தாமதமாக. இரண்டும் காட்டும் நேரத்தின் வித்தியாசம், சத்தம் 20 மீட்டர் போக எடுத்துக்கொண்ட நேரம். சுமார் 0.057 வினாடி வரும். 20-ஐ அதால் வகுக்கப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

சத்தத்தின் வேகம் 0 டிகிரியில் வினாடிக்கு 331 மீட்டர், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.6 கூடும். நம் ஊர் 40 டிகிரி மதியத்தில் 355-க்குப் பக்கத்தில் வர வேண்டும். காலை பிரேயர் முடிந்ததும் ஒருமுறை, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை செய்து பாருங்கள். காலைக்கும் மதியத்துக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது, ஒரே தட்டில் சிக்காது. பத்துப் பத்து தடவை செய்து சராசரி எடுக்க வேண்டியிருக்கும். சராசரி எதற்கு என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்குக் கேட்க மாட்டார்கள். இடையில் மாடு கத்தினாலோ பஸ் ஹாரன் அடித்தாலோ கடிகாரம் அதற்கே ஓடிவிடும், அந்தத் தடவையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

செயலியை வேப்பமரத்தடியில் இறக்கிக்கொள்ளுங்கள், பிறகு நெட் வேண்டாம். ஆனால் போன் இரண்டு வேண்டும். சாக்பீஸே போதும் என்கிறாரே, அவருடையதைக் கேளுங்கள். போனை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இரண்டாவது கைதட்டுக்கு அவரையே நிறுத்துங்கள்.