எலுமிச்சைக் கன்னுல குருவி எச்சம் மாதிரி புழு, மருந்து அடிக்கவா வேண்டாமா?

கேள்வி: புளியங்குடி பக்கம் நம்ம தோட்டம். போன வருசம் வச்ச எலுமிச்சைக் கன்னு 40 இருக்கு, பழைய மரமும் பத்து நிக்குது. கன்னுல துளிர் பூராவும் புழு கடிச்சிருக்கு, சிலது குருவி எச்சம் மாதிரி, சிலது பச்சையா பெருசா இருக்கு. கடையில மருந்து எழுதிக் கொடுத்துட்டாங்க. பேத்தி அது வண்ணத்துப்பூச்சி, கொல்லாதீங்க தாத்தானு அழுவுறா. என்ன செய்ய?

பதில்: அண்ணாச்சி, பேத்தி சொன்னது சரிதான், அந்த ரெண்டுமே ஒரே புழுவோட வேற வேற வயசு. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சினு சொல்வோமே, கருப்புல மஞ்சள் திட்டு போட்டு பின் றெக்கையில ஒரு சிவப்புப் பொட்டு வச்சிருக்கும், அதோட பிள்ளைங்கதான். கருவேப்பிலை, வில்வம், நாரத்தைனு எலுமிச்சை குடும்பத்து இலையில மட்டும்தான் பெரும்பாலும் முட்டை வைக்கும், உங்க கத்தரி வெண்டைக்கெல்லாம் போகாது, அந்த பயம் வேண்டாம்.

மருந்து வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் காலையில கன்னுக்கு கன்னு குனிஞ்சு பாருங்க. இளந்துளிர்ல வெளிர் மஞ்சளா, கடுகு சைஸ்ல, ஒண்ணு ஒண்ணா தனியா ஒட்டியிருக்கும், அதான் முட்டை. மூணு நாலு நாள்ல பொரிஞ்சிடும். புழு நாலு தடவை தோலுரிக்கும், அதுவரைக்கும் எச்சம் வேஷம்தான், குருவி ஏமாந்து போயிடும். கடைசித் தோலை உரிச்சப்புறம்தான் பச்சையாகுது, தீனியும் அப்பதான் பேயா தின்னும், ஒரு கன்னை மொட்டையாக்குறது இந்த பச்சைப் புழுதான், அதனால எச்சம் மாதிரி இருக்கும்போதே பொறுக்கிடணும். தொட்டா தலைக்குப் பின்னாடி ஆரஞ்சு கலர்ல ரெண்டு கொம்பு நீட்டி ஒரு நாத்தம் விடும், கடிக்காது கொட்டாது, பேத்தியே பொறுக்கலாம்.

பொறுக்கினதை கொல்ல வேண்டாம், பழைய மரத்துல விட்டுடுங்க. பெரிய மரத்துக்கு இது ஒரு பொருட்டே இல்ல, அதுக்கு மருந்து அடிக்கிறது காசுக்கும் கேடு, பூவுக்கு வர்ற தேனீக்கும் கேடு. 40 கன்னுக்கு கைதான் மருந்து, அரை மணி நேர வேலை. மழைக்கப்புறம் துளிர் ஒரேயடியா தள்ளி கை தாங்கலைனா மட்டும் வேப்பங்கொட்டைப் பருப்பு அரை கிலோ இடிச்சு துணியில கட்டி ராத்திரி ஊறப்போட்டு வடிகட்டி 10 லிட்டர் டேங்குக்கு, கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு சாயங்காலமா அடிங்க.

இன்னொண்ணு, முட்டை சிலது முழுக்க கருத்துப்போயி பொரியாமலே நிக்கும், அதை நசுக்கிடாதீங்க, உள்ள ட்ரைக்கோகிரம்மானு, பூச்சி முட்டையை உள்ளுக்குள்ளயே தின்னு வளர்ற குளவி இருக்கலாம், கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, உங்க சம்பளமில்லாத ஆளு அது. மருந்து அடிச்சா மொதல்ல சாகுறது அதுதான், எனக்கு வயித்தெரிச்சலே அங்கதான்.

பேத்திக்கு ஒரு பச்சைப் புழுவை அகலமான ஜாடியில விட்டு, நின்னாப்புல ஒரு குச்சி வச்சு, கொசுவலைத் துணியால வாயைக் கட்டிக் கொடுங்க. மருந்து படாத இலையை தினம் மாத்தணும், எச்சத்தை கொட்டிடணும், இல்லேனா பூசணம் பிடிச்சு செத்துடும். திடீர்னு தின்னுறதை நிறுத்திட்டு தண்ணியா கழிஞ்சு அங்கயும் இங்கயும் அலையும், வியாதினு நெனச்சு தூக்கிப் போட்டுடாதீங்க, கூட்டுப்புழு ஆகப் போகுது. கரண்ட் கம்பத்துல லைன்மேன் பெல்ட்டு போட்டு பின்னாடி சாஞ்சு நிப்பாரே, அதே மாதிரி இடுப்புல ஒரு நூலைச் சுத்திக்கிட்டு குச்சியில சாஞ்சுக்கும். பச்சைக்கு நடுவுல இருந்தா கூடு பச்சையா இருக்கும், காஞ்ச குச்சினா பழுப்பா ஆகிடும். ஒரு வாரம் பத்து நாள் ஆட்டாம வைங்க. கூட்டுல பொட்டு ஓட்டை விழுந்து குட்டிக் குளவியா வந்தா பேத்தி அழுவா, அதையும் தோட்டத்துல விட்டுடுங்க, அதுவும் நம்ம பக்கம்தான்.

பூச்சி வெளிய வர்றது பெரும்பாலும் காலையிலதான். றெக்கை ஈரத்துணி மாதிரி சுருண்டு தொங்கும், கூடவே கலங்கலா ஒரு தண்ணி சொட்டும், அது கழிவுதான், அடிபட்டதில்ல. அந்த நேரத்துல கையால பிரிச்சு விடப் போகாதீங்க, அப்புறம் ஜென்மத்துக்கும் பறக்காது. ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல தானே விரிச்சுக் காயவச்சுக்கும், துணியை மட்டும் அவுத்து வைங்க.